காலையில் சொல்லாத சொற்கள்

ஒரு மொழியைக் கண்டுபிடித்தவன் நான் என்று டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்தில் மூன்று மாதம் தலை நிமிர்ந்து திரிந்திருக்கிறேன். ஒரு பாலைவன ஊர்ச் சனம் தலைமுறை தலைமுறையாகப் பேசிக்கொண்டிருந்த மொழியை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று என் மனைவி கேட்டாள். அதெல்லாம் உனக்கு விளங்காது என்று சொல்லிவிட்டேன். எனக்கு விளங்காதவற்றையெல்லாம் அவளுக்கு விளங்காது என்று சொல்வது அந்தக் காலத்தில் எனக்கு வழக்கமாக இருந்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டின் குளிர்காலம் தொடங்கியிருந்தது. எனக்கு வதிவிட அனுமதி கிடைத்து, மனைவியும் வந்து சேர்ந்து, ஒரு மாடிக் கூரைக்குக் கீழே இரண்டு அறையில் குடியிருந்தோம். வேலை மீன் தொழிற்சாலையில், பின்நேர ஷிஃப்ட். பகல் இரண்டு மணிக்கு ரப்பர் பூட்ஸைப் போட்டால் பத்து மணிவரை ஹெரிங் மீனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். காலையில் ஒரு வேலையும் இல்லை. யாழ்ப்பாணத்தான் ஒருவனைக் காலை முழுக்கச் சும்மா இருக்கவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நான் நல்ல உதாரணம்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, முன்பு கப்பல்காரர்கள் தங்கிய ஒரு பழைய விடுதியை அகதிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அனுமதி கிடைக்கும்வரை எட்டு மாதம் நானும் அங்கேதான் இருந்தேன். அப்போது என் அறையில் இருந்தவன்தான் இந்தக் கதைக்குரிய நண்பன். அல்ஜீரியாவின் தெற்கே, பாலைவனத்தின் நடுவில் உள்ள ஒரு பேரீச்சந்தோப்பு ஊர்க்காரன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன். பிள்ளைகளுக்கு வீட்டு மொழியிலும் நாலு எழுத்துப் படிப்பித்தால் என்ன என்று கேட்டதற்காகப் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் நாட்டைவிட்டு ஓடி வந்துவிட்டான். வரும் வழியில் கடவுச்சீட்டும் தொலைந்துவிட்டது.

அவனுடைய அகதி விண்ணப்ப வழக்கு ஒன்றரை வருடமாக இழுபட்டது. அதிகாரிகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீ அந்த ஊர்க்காரன்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? அந்த ஊரில் நடந்த கைதுகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு யாரும் வந்து நான் அந்த ஊர் என்று சொல்லலாமே என்றார்கள். நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே விமான நிலையத்தில் அவனை மாலை போட்டு வரவேற்க யாரும் நிற்கப்போவதில்லை. அவனுக்கு அது நன்றாகத் தெரியும், எனக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் பேசிக்கொண்ட பாஷைக்குப் பெயர் கிடையாது. பாதி டெனிஷ், கால்வாசி ஆங்கிலம், மீதி கை. இங்கே அவன் பேசுவதாக எழுதுவதெல்லாம் நான் என் தமிழில் ஆக்கிக்கொண்டவை.

நான் நண்பனைப் பார்க்கப் போயிருந்த ஒருநாள், அந்த விடுதிக்கு ஒடென்சே நகரத்தில் படிக்கிற ஒரு டெனிஷ் மாணவி வந்தார். முப்பது வயதிருக்கும், பட்டப்படிப்பின் கடைசி ஆய்வை எழுதிக்கொண்டிருந்தார். பெர்பர் மொழிகளில் ஒன்றைப் பேசுகிறவன் இங்கே இருக்கிறான் என்று யாரோ சொல்லி, ரயில் ஏறி வந்திருந்தார். பெர்பர் என்பது ஒரு மொழியல்ல, வட ஆப்பிரிக்கா முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஒரு மொழிக் குடும்பம் என்பதையே நான் அவரிடம்தான் அறிந்தேன். என் நண்பனின் ஊர் மொழியைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டதெல்லாம் ஒரேயொரு பட்டியல். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அங்கே இருந்த ஒரு இராணுவ அதிகாரி அறுபது எழுபது சொற்களைக் குறித்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மாணவிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வர முடியும். இடையில் யாராவது நண்பனோடு இருந்து, படத்தைக் காட்டி, சொல்லைக் கேட்டு, கசெற்றில் பதிய வேண்டும். யார் செய்வது என்று அவர் யோசிக்க முன்னமே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் தமிழ்ப் பண்டிதன்" என்றேன்.

உண்மை என்னவென்றால், நான் பால பண்டிதர் பரீட்சைக்கு இரண்டு தரம் தோற்றி, இரண்டு தரமும் இலக்கணத்தில் விழுந்தவன். ஆனால் அவர் அதை விசாரிக்க வழியில்லை. என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, தன் கொப்பியில் என்னவோ எழுதினார். மொழியறிஞர் என்றுதான் எழுதியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வேலை மிகவும் இலகுவானதுதான். ஒரு மொழிக் குடும்பத்தைக் கிளை கிளையாகப் பிரிக்கிறது எப்படி என்று அவர் எனக்கு விளக்கினார். நெருப்பு, தண்ணீர், கண், ஊசி, கரி என்று வீட்டில் புழங்குகிற சொற்களை எடுத்து, அக்கம்பக்கத்து மொழிகளில் உள்ள சொற்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்து வந்தால் நெருங்கிய உறவு. வராவிட்டால் தூரத்து உறவு. கலியாணம் பேச வருகிறவர்கள் சாதகத்தைப் பார்க்கிற மாதிரித்தான். இது எனக்குப் பிறவியிலேயே கைவந்த கலை என்று நினைத்தேன்.

தினமும் காலை எட்டு மணிக்கு நண்பனின் அறைக்குப் போவேன். கையில் டெனிஷ்ப் பிள்ளைகளுக்கான படப் புத்தகம், மாணவி தந்த ரேப் ரெக்கோடர், மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த ஊசி, அடுப்புக் கரித்துண்டு ஒன்று. ஒவ்வொன்றாகக் காட்டுவேன். அவன் மூன்று தரம் சொல்லுவான். நான் அதை மீன் பெட்டி லேபிளின் பின்பக்கத்தில் எழுதிப் பூட்ஸ் வந்த அட்டைப் பெட்டிக்குள் போடுவேன். அந்தப் பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் ஹெரிங் மணக்கும்.

முதல் வாரம் நான் ஊசியைத் தூக்கிக் காட்டியபோது அவன் ஊசியைப் பார்த்தான், யன்னலைப் பார்த்தான், சிரித்தான். பிறகு ஒரு சொல்லைச் சொன்னான். கரித்துண்டைக் காட்டியபோதும் அதே சிரிப்பு. தன் மொழி ரேப்பில் ஏறுகிற சந்தோசம் என்று எண்ணிக்கொண்டு நானும் பல்லைக் காட்டினேன்.

என் மூளை வேலை செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அது வேலை செய்யாமலே இருந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. முதலில், அவர்கள் இன மொழியின் பெயர் 'தம' என்று தொடங்குவதைக் கண்டுபிடித்தேன். போதாதா! அன்றைக்கு மீன் வெட்டும்போது ஃபோர்மன் என்னை இரண்டு தரம் கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லை. தமிழன் பாலைவனத்தைக் கடந்து போன வழியை நான் மனதில் வரைந்துகொண்டிருந்தேன். அடுத்து, கரிக்கும் வெள்ளை நிறத்துக்கும் அவன் ஒரே சொல்லைத் தந்திருக்கிறான் என்பதைக் கவனித்தேன். வேறு யாராக இருந்தாலும், ஏன் என்று அவனிடமே கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. பாலைவன வெயிலில் கண் கூசுவதால் அந்த மக்கள் கறுப்பையும் வெள்ளையையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்று இரண்டு பக்கம் எழுதினேன். நண்பன் கறுப்புச் சப்பாத்துக்குக் கறுப்புப் பொலிஷைத் தேடி எடுத்துப் பூசுவதைத் தினமும் பார்த்துக்கொண்டே எழுதினேன்.

கடைசியாக, அந்தப் பிரெஞ்சு அதிகாரியின் பட்டியலை என் பெட்டியோடு வைத்து ஒப்பிட்டேன். கண், காது, தண்ணீர், பால் எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தின. ஆனால் ஊசி இல்லை. நெருப்பு இல்லை. கரி, வீடு கூட்டுகிற தும்புத்தடி, நரி, சட்டியின் அடிக்கரி எதுவும் இல்லை. பன்னிரண்டு சொற்கள் முற்றாக வேறு. அக்கம்பக்கத்து மொழிகள் எதிலும் அவை கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதிகாரி கேட்டது ஒரு மொழி, என் நண்பன் பேசுவது இன்னொரு மொழி! இதுவரை எவருக்கும் தெரியாத புதிய கிளை! நாலு பக்கத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி ஒடென்சேக்கு அனுப்பினேன். கிளைக்கு யாருடைய பெயரை வைப்பது என்ற விஷயத்தை மட்டும் அடக்கத்தோடு விட்டுவிட்டேன்.

மாணவி அடுத்த தரம் வந்தபோது கசெற்றுகளை எல்லாம் போட்டுக் கேட்டார்.

"சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரப்படக்கூடாது" என்றார்.

எனக்கு முதல் வசனம் மட்டும்தான் காதில் விழுந்தது.

தை மாதம் நண்பனின் வழக்கறிஞர் மாணவிக்கு ஒரு கடிதம் போட்டார். இவன் பேசுவது இன்ன ஊர் மொழிதான் என்று நீங்கள் எழுதித் தந்தால் வழக்குக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை, உலகத்தில் அந்த மொழியைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே என்று கேட்டிருந்தார். நண்பன் அந்தக் கடிதத்தின் பிரதியை எனக்குக் காட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நம்மால் அல்லவா இந்த நன்மை என்று நானும் பெருமையாகக் குலுக்கினேன்.

மாணவி நேரே வந்தார். விடுதிக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், எங்கள் இருவருக்கும் முன்னால் உட்கார்ந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"என்னால் அப்படி எழுத முடியாது. அந்த ஊர் மொழிக்கு உலகத்தில் இருப்பது ஒரேயொரு பட்டியல். நெருப்பு, ஊசி என்ற சொற்களே அதோடு பொருந்தவில்லை. இவர் அந்த ஊர்தான் என்று எனக்கு மனதில் படுகிறது. ஆனால் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லிக் கேட்டால், இந்தச் சொற்கள் இல்லை என்றுதானே சொல்கின்றன?" அவருடைய கண் சிவந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள் கடிதமும் அதைத்தானே சொன்னது, புதிய கிளை என்று" என்றார்.

நான் நாலு பக்கத்தில் நிறுவியிருந்தது வேறு ஒன்றுமல்ல, என் நண்பன் அந்த ஊர்க்காரன் அல்ல என்பதைத்தான். அரசாங்கம் ஒன்றரை வருடமாகச் சந்தேகப்பட்டதை நான் மூன்று மாதத்தில் இலவசமாக நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். நண்பன் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்ர வாயிலயிருந்து வந்த சொல்லே என்னை இல்லையெண்டு சொல்லுது" என்றான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கப்பா! அந்த மனிசன்ர வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு வந்து நிக்கிறியள். உங்களை ஆர் கேட்டது கிளை பிரிக்கச் சொல்லி? மீனைப் பிரிக்கிறது காணாதே?"

அந்தக் கிழமை முழுவதும் பெட்டியைத் திறந்து, அந்தப் பன்னிரண்டு லேபிள்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு விசரனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பின்நேரம் நாலு மணிக்கு நண்பன் வீட்டுக்கு வந்தான். ஒரு கோட்டு வைத்திருந்தான். விசாரணை வந்தால் போடுவதற்காக விடுதியில் யாரோ கொடுத்தது, பொத்தான் கழன்றிருந்தது. பொத்தானைக் காட்டி, விரல்களால் தைக்கிற மாதிரிச் செய்தான்.

"இஞ்சாரும், ஊசி நூலை ஒருக்காத் தாரும்" என்றேன் நான்.

"விளக்கு வைச்சாச்சு" என்றாள் மனைவி.

"அதுக்கு?"

"அதுக்கென்னவோ? விளக்கு வைச்ச பிறகு ஆரும் ஊசி குடுப்பினமே? விடியக் குடுக்கிறன்."

"நேரம் நாலு மணியப்பா!"

"நாலு மணியெண்டாலும் வெளியில இருட்டுத்தானே? நான் விளக்கு வைச்சிட்டன். லச்சுமியை வீட்டை விட்டுக் குடுத்தனுப்பேலாது."

டென்மார்க்கின் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஊசிக்கு வேலை நேரம் மிகக் குறைவு. காலை எட்டரைக்கு விடிந்து, நாலு மணிக்கு விளக்கு வைத்துவிடுவாள். மிச்ச நேரமெல்லாம் ஊசி பூட்டி வைத்த மாதிரித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்ன விஷயம் என்று நண்பன் கேட்டான். எங்கள் பெண்களுக்கு இப்படி ஒரு மூடநம்பிக்கை, இருட்டினால் ஊசி கொடுக்கமாட்டார்கள், நீ குறை நினைக்காதே என்று படித்தவனுக்குரிய சிரிப்போடு விளக்கினேன். அவனும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் சிரிக்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, மரியாதையாக நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தான்.

"அவ சொல்லுறது சரி. எங்கட ஊரில பின்னேரத்தில குடுக்கலாம். காலமையிலதான் அதின்ர பேரைச் சொல்லக்கூடாது" என்றான். பிறகு, வெளியே இருட்டிவிட்டது என்ற துணிவோடு, "திஸ்ஸெக்னித்" என்றான்.

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். அது பிரெஞ்சு அதிகாரியின் சொல். பட்டியலில் ஊசிக்கு நேரே எழுதியிருந்த அதே சொல்! ஓடிப்போய்ப் பட்டியலை எடுத்துவந்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன். நெருப்பு? சொன்னான், பட்டியலில் உள்ளபடியே. கரி? தும்புத்தடி? நரி? எல்லாம் பட்டியலில் உள்ளபடியே. பன்னிரண்டும் பொருந்தின.

"அப்ப நீ எனக்கு இவ்வளவு நாளும் சொன்னது என்ன?"

"அது காலமைச் சொல்லு" என்றான், பச்சைப்பிள்ளைக்குச் சொல்வது போல. "விடியக்காலமை இந்தச் சாமான்களின்ர பேரைச் சொன்னால் அந்த நாள் விளங்காது. மத்தியானம் வரைக்கும் சொல்லமாட்டம். அதுக்குப் பதிலா நல்ல பேர் வைச்சுச் சொல்லுவம். கரியை வெள்ளையெண்டு சொல்லுவம். நெருப்பைச் சுகம் எண்டு சொல்லுவம். ஊசியைத் திறக்கிறவள் எண்டு சொல்லுவம்."

"இதை ஏன்ரா நீ எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே. நீ காலமையில வந்து கேட்டாய், நான் காலமைச் சொல்லைத் தந்தன். அந்தப் பட்டியலில என்ன சொல்லு இருக்கெண்டு ஒருத்தரும் எனக்குக் காட்டேல்லை. நீ பெரிய பண்டிதன், உனக்குத் தெரிஞ்சிருக்குமெண்டு நினைச்சன். உங்கட ஆக்களிட்டையும் இப்பிடி இருக்குத்தானே?"

இருக்கிறதா என்றா கேட்கிறான்! வீட்டைவிட்டு இறங்குகிற ஒருவனை எங்கே போகிறாய் என்று கேட்காமல் 'தூரமோ' என்று கேட்கிற சாதி நாங்கள். போறன் என்ற சொல்லை வாசற்படியில் வாய்தவறியும் சொல்லமாட்டோம், போட்டு வாறன் என்போம். அம்மை நோய் வந்தால் அம்மாள் வந்திருக்கிறா என்று கும்பிடுவோம். இரவில் பாம்பைக் கண்டால் பூச்சி என்போம். இத்தனையையும் வாய்க்குள் வைத்திருக்கையில், உலகத்தில் இந்த விஷயத்தைக் கண்டுபிடிக்க என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அப்படிப்பட்ட நான்தான் பாலைவன வெயிலையும் கண் கூச்சத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை மனைவிக்குச் சொன்னேன்.

"இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு மூண்டு மாசம். என்னட்டைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பன்" என்றாள். பிறகு நண்பனைப் பார்த்து, "பாவம், தேத்தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ" என்றாள். ஊசியை மட்டும் கடைசிவரை தரவில்லை.

கீழ்வீட்டுத் தொலைபேசியில் மாணவியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலிலேயே வந்துவிட்டார். பன்னிரண்டு மணி அடிக்கும்வரை மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கறுப்புப் பாண் ரொட்டியையும் மனைவி செய்த சம்பலையும் தின்றுகொண்டு காத்திருந்தோம். மத்தியானம் திரும்பியதும் ரேப்பைப் போட்டோம். பெட்டியில் இருந்த இருநூறு சொல்லையும் புதிதாகப் பதிந்தோம். அந்தப் பிரெஞ்சு அதிகாரி, தான் மாலை வேளைகளில் கூடாரத்தின் முன்னால் இருந்து கேட்டு எழுதியதாகத் தன் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார் என்பது மாணவிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிழையில் எனக்கு ஒரு பங்காளி கிடைத்தாரே என்று எனக்கு உள்ளூரச் சந்தோசம். மனிசனின் புத்தி அப்படிக் கேவலமானது.

புதிய கிளை அன்றைக்கே முறிந்து விழுந்தது. அவர் தன் ஆய்வில் என் கண்டுபிடிப்பை நம்பி எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்துப் பையில் வைத்தார். பிறகு வழக்கறிஞருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். காலைச் சொல், மாலைச் சொல் இரண்டையும் விளக்கி, இவர் பேசுவது அந்த ஊர் மொழியே என்று கையெழுத்தும் வைத்தார். நண்பன் அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாசி மாதம் கோபன்ஹேகனிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. முதல் நாளே ரயிலேறி, கடலில் ஃபெரியில் ஏறி இறங்கி, மூவரும் போய்ச் சேர்ந்தோம். துணைக்கு ஆள் வேண்டும் என்று நானும் இரண்டு நாள் லீவு எடுத்திருந்தேன். பின்நேரம் வழக்கறிஞர் தன் அறையில் எங்களைச் சந்தித்தார்.

"விசாரணை அதிகாரி உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டார்" என்றார் மாணவியிடம். "ரேப்பை யாரும் எங்கும் பதியலாம் என்கிறார். பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தானே சொல் சொல்லாகக் கேட்கப் போகிறார். இவர் தன் வாயால் தனக்கு முன்னால் சொல்லவேண்டுமாம்."

"எத்தனை மணிக்கு?" என்று நண்பன் கேட்டான்.

"காலை ஒன்பது."

மாணவி எழுந்தே விட்டார். பின்நேரத்துக்கு மாற்ற முடியாதா என்று கேட்டார். வழக்கறிஞர் தொலைபேசியில் அரை மணித்தியாலம் மன்றாடினார். பின்நேரம் இடமில்லை, மாற்றினால் மறுபடி எத்தனை மாதம் போகுமோ தெரியாது, அதுவும் ஒரு சாட்டு என்றே நினைப்பார்கள் என்று பதில் வந்தது.

வெளியே தெருவில் நடக்கும்போது எனக்குப் பொறுமை இல்லை.

"சொல்லித்தான் விடு. பத்துப் பன்னிரண்டு சொல்லுத்தானே! என்ன வந்திடப் போகுது?"

அவன் நின்றான்.

"இண்டைக்கு வெளிக்கிடேக்க உன்ர மனிசிக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தாய்?"

"போட்டு வாறன் எண்டு."

"போறன் எண்டு சொல்லியிருக்கலாமே. ஒரு சொல்லுத்தானே."

நான் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன்.

"எனக்கும் அது வெறும் சொல்லெண்டு தெரியும். நானும் வாத்தியார்தான்" என்றான் அவன். "ஆனால் எப்பவாவது ஒருநாள் எனக்குக் கெட்டது ஒண்டும் வரக்கூடாதெண்டால், அது நாளைய நாள்தான். நாளைக்கெண்டு பார்த்து அதைச் சொல்லவேண்டிக் கிடக்கு."

அடுத்தநாள் காலை அவனும் மாணவியும் வழக்கறிஞரும் உள்ளே போனார்கள். நான் வெளியே தாழ்வாரத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. கடவுளே, கடவுளே என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, என்ன கேட்பது என்று தெரியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று கேட்பதா, சொன்னதால் ஒன்றும் வரக்கூடாது என்று கேட்பதா?

ஒரு மணித்தியாலம் கழித்து மாணவி முதலில் வெளியே வந்தார். வந்து என் பக்கத்தில் இருந்தார். நடந்ததை மெதுவாகச் சொன்னார். கண், காது, தண்ணீர் எல்லாம் நண்பன் உடனே சொன்னானாம். அதிகாரி நெருப்பு என்று கேட்டபோது அவன் வாய் திறக்கவில்லையாம். மாணவி எழுந்து, மத்தியானம்வரை பொறுக்க முடியுமா என்று விளக்கப் பார்த்தாராம். அதிகாரி கெட்டவர் இல்லை, ஆனால் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாராம். நண்பனும் அதைப் பார்த்தானாம். பிறகு இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, நெருப்பு, ஊசி, கரி, தும்புத்தடி, நரி என்று பன்னிரண்டையும் ஒன்றுவிடாமல், அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டானாம்.

"நான் அந்த நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் மாணவி.

நண்பன் வெளியே வந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை. ஃபெரியில் நான் வாங்கிக் கொடுத்த கோப்பியைக் குடிக்கவில்லை.

மூன்று கிழமை கழித்துக் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். உறையை உடைத்திருந்தான், ஆனால் படித்தது சரிதானா என்று அவனுக்கு நிச்சயமில்லை. என் டெனிஷை நானே நம்பாமல் மூன்று தரம் படித்தேன். விண்ணப்பதாரர் தாம் சொன்ன ஊரைச் சேர்ந்தவரே என ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அவர் டென்மார்க்கில் தங்கலாம். மூன்றாம் தரம் படிக்கும்போது எனக்கு எழுத்து மங்கிவிட்டது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேசரி கிண்டப் போனாள். நான் அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் அடித்தேன்.

"வென்றிட்டியடா! நீ அந்த ஊர்தானெண்டு அரசாங்கமே எழுதிக் குடுத்திட்டுது. இனி ஆர் என்ன சொல்லுறது?"

அவன் சிரித்தான். கடிதத்தை வாங்கி, அந்த வரியை விரலால் தேடிப் பிடித்தான்.

"ஓம், இவை நம்பிட்டினம்" என்றான். "ஆனால் அண்டைக்கு அந்த அறையில எங்கட ஊர் ஆள் ஒருத்தன் இருந்திருந்தால், இவன் எங்கட ஊரான் இல்லையெண்டு அடிச்சுச் சொல்லியிருப்பான். எங்கட ஊரில பிறந்த ஒருத்தரும் விடியக்காலமை அதைச் சொல்லமாட்டினம்."